மாடுலர் கிச்சனுக்குக் கொடுத்த அட்வான்ஸ்: வேலை நடக்காவிட்டால் பணம் திரும்புமா?

கேள்வி: திருச்சியில் புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டுக்கு மாடுலர் கிச்சன், இரண்டு வார்ட்ரோப், லாஃப்ட் எல்லாம் சேர்த்து ரூ.5,80,000க்கு ஓர் இன்டீரியர் காண்ட்ராக்டரிடம் பேசி முடித்தோம். ஜனவரி 8 அன்று கூகுள் பேயில் 50,000, ஜனவரி 20 அன்று வங்கி மூலம் 1,90,000, பிப்ரவரியில் லாஃப்ட் அடிக்க வந்தபோது ரொக்கமாக 40,000 கொடுத்தோம். 45 வேலை நாளில் முடிப்பதாகக் கொட்டேஷனில் இருக்கிறது. டைல்ஸ் வேலையை நாங்கள் மூன்று வாரம் தாமதமாக முடித்தோம், அது உண்மை. ஏப்ரலில் தொடங்கி இந்த ஜூலைக் கடைசி வரை "அடுத்த வாரம் மேடம்" என்றே சொல்கிறார். இரண்டு அறையிலும் லாஃப்ட் பிரேம் மட்டும் நிற்கிறது, கதவு இல்லை. பணத்தைக் கேட்டால், "பிளைவுட் வாங்கி வெட்டியாச்சு, ஜிஎஸ்டியும் கட்டியாச்சு, அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டோம்னு கொட்டேஷன்லயே போட்டிருக்கு" என்கிறார். சண்டை போட்ட பிறகு, ஜூன் 25 தேதியிட்டு 1,50,000க்கு ஒரு செக் கொடுத்து, "வேலையை முடிக்கலைன்னா போட்டுக்கோங்க" என்றார். செக்கைப் போடலாமா? போலீசில் புகார் கொடுக்கலாமா? முழுப் பணமும் கிடைக்குமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பணம் கிடைக்க நல்ல வழி இருக்கிறது. ஆனால் செக்கை இன்று வங்கியில் போட வேண்டாம், காவல் நிலையத்துக்கும் இன்று போக வேண்டாம். உங்கள் ஒப்பந்தம் இன்னும் ரத்தாகவில்லை. அதை முறைப்படி ரத்து செய்யும்வரை, "பணத்தைத் திருப்பிக் கொடு" என்ற உங்கள் கோரிக்கைக்கு "வேலையை முடித்துத் தருகிறேன், யார் வேண்டாம் என்றது?" என்று அவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கலாம். அட்வான்ஸ் தகராறுகளில் நியாயம் தன் பக்கம் இருந்தும் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

காரணம் இது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு, குறித்த நாளில் வேலை முடிவதே ஒப்பந்தத்தின் உயிர் என்று இரு தரப்பும் கருதியிருந்தால், கெடு தாண்டியதும் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. அப்படிக் கருதவில்லை என்றால் தாமதத்துக்கு இழப்பீடு மட்டும் கேட்கலாம், ரத்து செய்ய முடியாது. உங்கள் கொட்டேஷனில் 45 வேலை நாள் என்று இருக்கிறது. ஜனவரி 20-லிருந்து ஞாயிறுகளைக் கழித்து எண்ணினால் மார்ச் நடுவில் கெடு முடிகிறது. உங்கள் டைல்ஸ் தாமதம் மூன்று வாரத்தைச் சேர்த்தால் ஏப்ரல் முதல் வாரம். அதன்பின் நீங்கள் ரத்து செய்யவில்லை. "எப்போ வர்றீங்க, சீக்கிரம் முடிங்க" என்றுதான் மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் கேட்டிருப்பீர்கள். அந்தச் செய்திகள் ஒவ்வொன்றும், பழைய கெடுவை நீங்களே தளர்த்திவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுக்கும்.

இதற்குச் சட்டத்தில் மாற்று இருக்கிறது. கெடு தளர்ந்துபோன ஒப்பந்தத்தில், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நியாயமான ஒரு புதுக் கெடுவை விதித்து, "இதற்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து" என்று சொல்லிவிட்டால், அந்தக் கெடு மீறப்படும்போது ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு வந்துவிடும். நியாயமான கெடு என்பதில் கவனம் வேண்டும். ஒரு முழுக் கிச்சனை மூன்று நாளில் முடி என்றால் எந்த மன்றமும் ஏற்காது. பிளைவுட்டை வெட்டிவிட்டேன் என்று அவரே சொல்வதால் 21 நாள் தாராளம். அதற்குள் இன்னொரு சோதனையும் வையுங்கள்: 7 நாளுக்குள் வெட்டிய பலகைகள், கீல், சேனல் எல்லாம் உங்கள் வீட்டுக்கு வந்து இறங்க வேண்டும். பொருள் உண்மையில் இருக்கிறதா என்பது அந்த ஏழு நாளில் தெரிந்துவிடும்.

நோட்டீசுக்கு முன்னால் இன்றே செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை, கணக்கை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைப்பது. ரொக்கமாகக் கொடுத்த 40,000க்கு ரசீது இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. கோபமில்லாமல் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "சார், இதுவரை ஜன. 8 ரூ.50,000, ஜன. 20 ரூ.1,90,000, பிப்ரவரியில் லாஃப்டுக்கு ரொக்கம் ரூ.40,000, மொத்தம் ரூ.2,80,000 கொடுத்திருக்கோம். லாஃப்ட் பிரேம் மட்டும்தான் முடிஞ்சிருக்கு. மீதி எப்போ?" இதற்கு அவர் "ஆமா மேடம், அடுத்த வாரம் ஆரம்பிச்சிடறேன்" என்று பதில் போட்டால் போதும், தொகையும் நிலுவை வேலையும் ஒரே வரியில் உறுதியாகின்றன. இந்த உரையாடல் முடியும்வரை போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், 'தானாக மறையும் செய்திகள்' வசதி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். சாட்டை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். வழக்கு சிவில் நீதிமன்றத்துக்கோ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கோ போனால், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அதற்கு மூலச் செய்தி அந்தப் போனிலேயே இருப்பது நல்லது.

இனி லாஃப்ட். இதில் நேர்மையாக இருப்பதுதான் உங்களுக்குப் பலம். அவர் செய்த வேலையின் மதிப்பை நீங்களே கழித்துவிட்டுக் கேட்டால், அவருடைய முக்கியமான எதிர்வாதம் காணாமல் போகும். வேறு கை படுவதற்கு முன், இரண்டு லாஃப்டையும் அளவு டேப்பை விரித்து வைத்தபடி படமெடுங்கள்: முழு அறையும் தெரியும்படி ஒன்று, நீளம் ஒன்று, உயரம் ஒன்று, பலகையின் விளிம்பில் அடுக்குகளும் ஐஎஸ்ஐ முத்திரையும் தெரியும்படி ஒன்று. உதாரணத்துக்கு, ஒவ்வொன்றும் 12 அடி நீளம், இரண்டரை அடி உயரம் என்றால் 30 சதுர அடி, இரண்டுக்கும் 60. கொட்டேஷன் விலை கதவு, மைக்கா, கைப்பிடி எல்லாம் சேர்ந்தது, அதைப் பிரேமுக்கு அப்படியே போட வேண்டியதில்லை. தொடர்பில்லாத வேறு ஆசாரி ஒருவரை அழைத்து, பிரேமுக்கு மட்டும் என்ன பெறும் என்று தேதி, கையெழுத்து, போன் எண்ணோடு எழுதி வாங்குங்கள். அவர் சதுர அடிக்கு 300 என்று போட்டால் 18,000 ஆகிறது. உங்கள் கோரிக்கை 2,80,000 கழித்தல் 18,000, அதாவது 2,62,000. கொட்டேஷனில் ஐ.எஸ். 710 தரத்து நீர் தாங்கும் பிளைவுட் என்று இருந்து, பலகையில் ஐ.எஸ். 303 முத்திரை இருந்தால் அது தனிக் குறைபாடு, அந்தப் படத்தைத் தனியாக வையுங்கள்.

அவர் சொல்லும் மூன்று சாக்குகளையும் பார்த்துவிடுவோம்.

"அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டோம்" என்ற அச்சடித்த வரி, வாடிக்கையாளர் நடுவில் பின்வாங்கினால் அவருக்குப் பாதுகாப்பு. அங்கேயும் முழுத் தொகையையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீடு வரைதான் அனுமதிக்கிறது. வேலையைச் செய்யாதவரே அந்த வரியைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. தன் தவற்றால் தானே லாபம் அடையக் கூடாது என்பது நீதிமன்றங்களின் பழைய நிலைப்பாடு. ஆனால் ஒரு எச்சரிக்கை: இதைக் கேட்டுக் கோபத்தில் "நீங்க வரவே வேண்டாம், நான் வேற ஆளை வச்சுக்கிறேன்" என்று கெடுவுக்கு முன்பே அனுப்பிவிடாதீர்கள். பின்வாங்கியது நீங்கள்தான் என்று அந்தச் செய்தியை வைத்தே சொல்வார், அந்த வரிக்கு உயிர் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

"ஜிஎஸ்டி கட்டியாச்சு" என்பது உண்மையாகவே இருந்தாலும் உங்கள் பணத்தைத் தடுக்காது. சேவைக்கு அட்வான்ஸ் வாங்கும்போது ரசீது வவுச்சர் கொடுக்க வேண்டும். சேவை நடக்காமல் பணத்தைத் திருப்பினால் ரீஃபண்ட் வவுச்சர் போட்டு, கட்டிய வரியைச் சரிசெய்துகொள்ளச் சட்டத்திலேயே வழி உண்டு. "வரி கட்டியதற்கான ரசீது வவுச்சரைக் கொடுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுபோகும்.

"பிளைவுட் வாங்கி வெட்டியாச்சு" என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பொருளும் வேலையும் சேர்த்துப் பேசிய ஒப்பந்தத்தில், உங்கள் வீட்டில் பொருத்தும்வரை பலகை அவருடையது. பணத்துக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ள நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னால் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள், ஆனால் அவசரப்பட்டு ஏற்றி வந்துவிடாதீர்கள். வெட்டாத 8க்கு 4 ஷீட் என்றால் இன்னொரு ஆசாரிக்கும் பயன்படும். ஒரு குறிப்பிட்ட வரைபடத்துக்கு அறுத்த பலகையை அடுத்த ஆசாரி தன் அளவுக்கு ஏற்க மாட்டார், உங்களுக்கு அது விறகுதான். பாதிப் பொருளை வாங்கி வைத்த பிறகு "மெட்டீரியல் டெலிவரி ஆயிடுச்சு" என்று கணக்கும் காட்டுவார்.

நோட்டீசை வழக்கறிஞர் மூலமும் அனுப்பலாம், நீங்களே எழுதியும் அனுப்பலாம், சட்டப்படி இரண்டும் ஒன்றுதான். முகவரியில் கடைப் பெயரை மட்டும் போடுவது பெரிய தவறு. தனி உரிமையாளர் நடத்தும் 'இன்டீரியர்ஸ்' என்பது வெறும் பலகைப் பெயர், கடன்பட்டவர் அந்த மனிதர். அவர் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி, கடை முகவரி எல்லாம் வேண்டும். கொட்டேஷனில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடுங்கள், உரிமையாளரின் சட்டப்பூர்வப் பெயர் வரும். எண்ணே போலியாக இருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். கூகுள் பேயில் பணம் போன கணக்கு அவர் மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ இருந்தால், "இந்த நம்பருக்குப் போடுங்க" என்று அவர் அனுப்பிய செய்தியைத் தேடி எடுத்து வையுங்கள்.

நோட்டீசின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

"எங்கள் டைல்ஸ் வேலையால் ஏற்பட்ட மூன்று வாரத் தாமதத்தைக் கழித்த பின்பும், தாங்கள் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வேலையை முடித்திருக்க வேண்டும். இந்த நோட்டீஸ் கிடைத்த 7 நாளுக்குள் பொருட்களை எங்கள் வீட்டில் இறக்கி, 21 நாளுக்குள் கொட்டேஷனில் கண்ட தரத்தில் வேலை முழுவதையும் முடிக்க வேண்டும். இந்தக் கெடு ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனை. தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து, செய்த வேலையின் மதிப்பு ரூ.18,000 போக மீதி ரூ.2,62,000ஐ, இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு கோருவேன்."

டைல்ஸ் தாமதத்தை நாமே ஏன் எழுத வேண்டும் என்று தோன்றும். நீங்கள் எழுதாவிட்டால் அவர் எழுதுவார், மூன்று வாரம் அவர் கணக்கில் மூன்று மாதமாகும். வட்டியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். கொட்டேஷனில் வட்டி பற்றி எதுவும் இல்லாதபோது, வட்டி கோரப்படும் என்று எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்துதான் 1978-ம் ஆண்டு வட்டிச் சட்டத்தில் கேட்க முடியும். 24, 36 என்று போட்டால் வெட்டிவிடுவார்கள், கேட்டவர் மீதுதான் சந்தேகம் வரும்.

இதைச் சேர்ப்புச் சான்றோடு ஸ்பீடு போஸ்டில் வீட்டுக்கும் கடைக்கும் அனுப்பி, அதே நகலை வாட்ஸ்அப்பிலும் பிடிஎஃபாகப் போடுங்கள். "வாங்க மறுத்தார்", "கதவு பூட்டியிருந்தது" என்று உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பிய தபால் சேர்ந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். அந்த மூடிய உறைதான் சாட்சி. கெடுவுக்குள் அவர் உண்மையாகவே வந்து வேலையைத் தொடங்கினால் செய்ய விடுங்கள். ஆனால் வேலை நடக்கும்போது மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு செய்தி போட்டுவிடுங்கள். 55-வது பிரிவின்படி, தாமதமான வேலையை ஏற்கும் நேரத்திலேயே இதைத் தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. வராவிட்டால், கெடு முடிந்த மறுநாள் இரண்டாவது கடிதம்: ஒப்பந்தம் ரத்து, 2,62,000 ரூபாயை 10 நாளுக்குள் தர வேண்டும்.

செக் இப்போதுதான் வருகிறது. "வேலையை முடிக்கலைன்னா போட்டுக்கோங்க" என்று நிபந்தனையோடு கொடுத்த செக் அது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது போட்டால், "இன்னும் கடனே பிறக்கவில்லை, இது செக்யூரிட்டி" என்பார். ரத்துக் கடிதத்துக்குப் பிறகு போட்டால் அந்த வாதம் வலுவிழக்கும். ஆனால் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். ஜூன் 25 தேதியிட்டது செப்டம்பர் 24-ஓடு முடிகிறது, அதனால் செப்டம்பர் 20க்குள் வங்கியில் போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் முதல் நாளே நோட்டீஸ் புறப்பட்டால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்: தபால் சேர மூன்று நான்கு நாள், 21 நாள் கெடு, பிறகு 10 நாள், செப்டம்பர் முதல் வாரம் தாண்டிவிடும்.

செக் திரும்பினால் வங்கி மெமோ கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், அவர் அதைப் பெற்ற 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் உங்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் புகார். இந்த நோட்டீஸில் செக் தொகையான 1,50,000ஐத் தனியாக, அதே எண்ணில் கேட்க வேண்டும். 2,62,000 என்று மொத்தத்தை மட்டும் எழுதினால் நோட்டீஸே செல்லாது என்று வழக்கு விழும். இடையில் அவர் ஜிபேயில் 20,000 போட்டுவிட்டால் இன்னும் கவனம். வாங்கிய பகுதித் தொகையைச் செக்கில் குறிக்காமல் முழுச் செக்கையும் போட்டால் 138-ல் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நிலை வந்தால் பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்து, மீதிக்குப் புதுச் செக் வாங்குவதுதான் சுத்தம்.

மொத்தத் தொகைக்கு உங்கள் முக்கிய வழி திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சொந்த வீட்டுக்காகக் கூலி பேசிச் செய்யச் சொன்ன வேலை, அதனால் நீங்கள் நுகர்வோர். கடைக்கோ கிளினிக்குக்கோ என்றால் வணிக நோக்கம் என்ற கேள்வி எழும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொட்டேஷனின் அடியில் வேறு ஊர் நீதிமன்ற எல்லை என்று அச்சடித்திருந்தாலும் பதற வேண்டாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியே தாக்கல் செய்யலாம். புகாரில் 'சேவைக் குறைபாடு' என்று எழுதுங்கள். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதை முதன்மையாக வைத்தால் அது சென்னை மாநில ஆணையத்தின் அதிகாரத்துக்குள் போய்விடும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், அதற்கு மேல் 15 நாள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாகவே ஆகும், மனத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவுக்குப் பிறகும் பணம் தராவிட்டால் சிறை வரை போகும் 72-வது பிரிவு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தொகைக்கு சிவில் வழக்கைவிட இதை முதலில் பரிந்துரைக்கிறேன். கால வரம்பு இங்கே இரண்டு ஆண்டு, சிவில் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டு.

புது ஆளை வைத்துச் செய்யும்போது கூடுதலாகும் செலவையும் ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவில் கேட்கலாம், அதே அளவு, அதே தரம் என்றால் மட்டும். பழைய கொட்டேஷனில் மைக்கா இருந்து, புதியவரிடம் அக்ரிலிக் போட்டுவிட்டு அந்த வித்தியாசத்தைக் கேட்டால் நிற்காது. புதியவரிடமும் ஒரு சொல்: அட்வான்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பலகை வீட்டில் இறங்கியதும் ஒரு பகுதி, பெட்டிகள் சுவரில் ஏறியதும் ஒரு பகுதி, கதவு தொங்கவிட்டதும் ஒரு பகுதி என்று பிரித்து எழுதுங்கள்.

போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். ஒப்பந்தத்தை மீறியது மட்டும் மோசடிக் குற்றமாகாது. பணம் வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318-வது பிரிவும் அதையே கேட்கிறது. உங்கள் காண்ட்ராக்டர் வந்து லாஃப்ட் பிரேம் அடித்திருக்கிறார், அதனால் இன்றைய நிலையில் புகார் பலவீனமானது. போலி ஜிஎஸ்டி எண், ஒரே சமயத்தில் பலரிடம் வாங்கிவிட்டுக் கடையைக் காலி செய்தது, இல்லாத பட்டறையைக் காட்டியது இப்படி ஏதாவது தெரியவந்தால் உடனே கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் கேட்டு வாங்குங்கள். "ஒரு லட்சம் வாங்கிட்டு முடிச்சுக்கங்கம்மா" என்ற சமரசப் பேச்சில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் அந்தத் தாள்தான் முதலில் வரும்.

சமரசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் மனுக் கொடுத்தால் அவரை அழைத்துப் பேசுவார்கள், லோக் அதாலத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். தவணையாகத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளலாம், முதல் தவணை கையெழுத்திடும் அன்றே வங்கிக் கணக்கில் வர வேண்டும். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுதும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்று எழுதுங்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதை ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுப்பது கடைசித் தவணை கணக்கில் ஏறிய பிறகுதான். அந்த 1,50,000 செக்கையும் செப்டம்பர் 20 நெருங்கும்போது பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று பெட்டியில் வைத்திருக்காதீர்கள். மீதிக்குப் புதுத் தேதியில் செக் எழுதி வாங்கிய பிறகே பழையதைத் திருப்பிக் கொடுங்கள்.